உளநூல் ஆராய்ச்சியும் உள்ளத்தின் கோட்டமும்

அளக்குங் கருவி அளக்கப்படும் பொருளின் வேறாக இருத்தல் வேண்டும் என்பது விஞ்ஞான ஆராய்ச்சியின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பொன்னை நிறுக்குந் துலாக்கோல் பொன்மீது ஆசை கொள்வதில்லை. காய்ச்சலை அளக்கும் வெப்பமானி நோயாளிமீது இரக்கங் கொள்வதில்லை. பௌதிகவியலாருக்கும் இரசாயனவியலாருக்கும் எளிதிற் கிட்டிய இவ்வாய்ப்பு உளநூலாருக்குக் கிட்டவில்லை. அவர்தம் துறையில் ஆராயப்படுவதும் உள்ளம், ஆராய்வதும் உள்ளம். விரும்புதல், அஞ்சுதல், எதிர்பார்த்தல், பிறர் மனத்தைக் குறிப்பாலுணர்தல் ஆகிய இயல்புகள் இரண்டிற்கும் பொதுவானவை. எனவே, உளநூல் ஆராய்ச்சியின் முறைகளை மதிப்பிடப் புகுவார், முதற்கண் அவ்வாராய்ச்சியாளர் உள்ளத்தின் கோட்டத்தை நோக்குதல் இன்றியமையாததாகின்றது.

கோட்டம் என்றவுடன் வஞ்சனையை நினைத்தல் பலருக்கு இயல்பு. பொய்க்கணக்கு எழுதியோர் இத்துறையில் இல்லாமலில்லை. ஆயினும், உளநூலின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆராய்ச்சியிற் பிழை புகுதற்கு வஞ்சனை வேண்டியதில்லை. நல்லெண்ணமும் எதிர்பார்ப்புமே போதும். ஆதலால், ஒரு முடிபை ஏற்றுக்கொள்வதற்கு அதனைக் கூறியவரின் நேர்மையும் புகழும் போதிய சான்றுகள் ஆகா. தமது கருத்துத் தோல்வியுறுதற்கு அவர் தமது பரிசோதனையில் எத்துணை இடம் வைத்தார் என்பதே உரைகல்லாகும். இக்கருத்தைச் சில உதாரணங்கள் வாயிலாக நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

நமது அளவை நூலார் அனுமானத்தைப் பற்றிப் பேசுமிடத்து, பக்கம், சபக்கம், விபக்கம் என மூன்றினைக் கூறுவர். மலையிற் புகை தோன்றுதலால் ஆங்கே நெருப்பு உண்டு எனக் கொள்ளும்போது மலை பக்கம். புகையும் நெருப்பும் ஒருங்கிருக்கக் கண்ட அடுக்களை சபக்கம். நெருப்பில்லாத நீர்நிலை விபக்கம். அடுக்களையிற் கண்டது மாத்திரம் போதாது. நீர்நிலையிற் புகை இன்மையையுங் கண்ட பின்னரே ஏது நல்லேதுவாகும். மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதை பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என அனுமானப் பிழைகளை வகுத்துரைப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். இவற்றைக் கொண்டு, இக்காலப் பரிசோதனை முறையை நம் முன்னோரே கண்டிருந்தனர் எனக் கூறுதல் மிகையாகும். எனினும், உளநூல் ஆராய்ச்சிகள் பலவற்றின் குறைபாடு யாது என்பதை விளக்குதற்கு இச்சொற்கள் பெரிதும் உதவுகின்றன. அக்குறைபாடு, சபக்கத்தைத் தேடித்தேடிக் காட்டி, விபக்கத்தை நாடாது விடுதலாகும்.

இதற்குத் தலைசிறந்த உதாரணம் ஒரு குதிரையின் கதை. பேர்லின் நகரில் வில்கெல்ம் வொன் ஒஸ்ரன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஹான்ஸ் என்ற தமது குதிரைக்கு எண்ணுங் கணக்கும் பயிற்றினார். வினாக்களுக்குரிய விடையைக் குதிரை குளம்பினாற் றட்டிக் காட்டியது. 1904ஆம் ஆண்டில், கார்ள் ஸ்றும்ப் என்னும் புகழ்பெற்ற உளநூற் பேராசிரியரை உள்ளிட்ட குழுவொன்று இக்குதிரையைப் பரிசீலித்து, இதிற் கள்ளச் சமிக்கை எதுவும் இல்லை என அறிவித்தது. அவ்வறிக்கை நேர்மையானது, குழுவினருள் விலங்குகளைப் பழக்குவதில் வல்லோரும் இருந்தனர். ஆயினும், அவர்கள் தேடியது வஞ்சனையை. ஆங்கே வஞ்சனை இல்லை.

ஸ்றும்பின் மாணவராகிய ஒஸ்கார் புங்ஸ்ற் வேறொரு வினாவைத் தொடுத்தார். வினாவுபவருக்கே விடை தெரியாவிடின் யாது நிகழும்? வினாவுபவரைக் குதிரை காணாதவாறு மறைப்பின் யாது நிகழும்? இவ்விரு நிலைகளிலும் ஹான்ஸின் கணித ஞானம் பெரும்பாலும் மறைந்தொழிந்தது. வினாவுபவர் குளம்பை நோக்கித் தலையைச் சற்றே தாழ்த்துவதும், தட்டல் உரிய எண்ணை எட்டியவுடன் தம்மையறியாமலே தலையை மயிரிழையளவு உயர்த்துவதும் குதிரைக்குப் போதிய குறிப்புக்களாயிருந்தன. 1907இல் வெளிவந்த புங்ஸ்றின் ஆய்வில் நாம் வியக்கத்தக்கது மற்றொன்று. இவ்வசைவின் இரகசியத்தை அறிந்த பின்னரும், தாம் வினாவும்போது அவ்வசைவு தம்மிடத்தே தோன்றுவதை அவரால் எளிதிற் றடுக்க முடியவில்லை. கோட்டம் உண்டென அறிதல் வேறு; அதனை நீக்குதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஈண்டு, குதிரை சரியான விடையைத் தட்டியது என்ற காட்சி மெய்யே. அதற்குக் கூறப்பட்ட ஏதுவே பொய். மக்கள் திரளாகக் கூடிப் பல நாள் கண்டதெல்லாம் சபக்கம். புங்ஸ்ற் ஒருவரே விபக்கத்தைத் தேடினார். வொன் ஒஸ்ரனோ அம்முடிபை ஏற்காமலே 1909இல் இறந்தார். அவர் ஏமாற்றுக்காரரல்லர், தாம் நம்பியதைத் தம் கண்முன் நிகழச் செய்தவர்.

குதிரைக்கு நேர்ந்தது எலிக்கும் நேரும் என்பதை 1963இல் றொபேட் றோசந்தாலும் கெர்மிற் போட் என்பவரும் காட்டினர். மாணவர் பன்னிருவரிடம் ஐந்தைந்து எலிகள் ஒப்புவிக்கப்பட்டன. சிக்கல்வழியைக் கண்டறிவதிற் கூர்மையுடைய குலத்தில் வந்தவை இவை என மாணவருட் பாதிப்பேருக்கும், மந்தமான குலத்தில் வந்தவை இவை என ஏனையோருக்கும் சொல்லப்பட்டது. உண்மையில், அவ்வெலிகளிடையே அத்தகைய குலவேறுபாடு எதுவும் இல்லை. ஆயினும், ‘கூர்மையான’ எலிகளே மேம்பட்டன எனக் கணக்குகள் காட்டின. எலியைக் கையாளும் அன்பிலும் பொறுமையிலும், விளைவைக் குறிக்கும் கண்ணிலும் எதிர்பார்ப்புக் கலந்துவிடுகின்றது. பின்னர் 1968இல், றோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு பாடசாலையில் எழுமாறாகத் தெரிந்த பிள்ளைகளை ‘விரைவில் மலரவிருப்பவர்’ என ஆசிரியருக்குக் கூறி, அப்பிள்ளைகளுட் கீழ்வகுப்பினரின் நுண்மதிப் புள்ளிகள் உயர்ந்தன என எழுதினர். அந்நூலையும் றொபேட் எல். தோண்டைக் போன்ற அறிஞர் விட்டுவைக்கவில்லை. பயன்படுத்திய நுண்மதிச் சோதனை அவ்விளஞ் சிறார்க்குப் பொருந்தாதது எனக் கடிந்துரைத்தனர். எதிர்பார்ப்பின் ஆற்றலை ஆராய்ந்தவரும் எதிர்பார்ப்பின் வயப்பட்டவரோ என ஐயுறவேண்டிய நிலை நேர்ந்தமை கருதத்தக்கது.

இதுகாறும் நோக்கியது ஆராய்பவரின் உள்ளம். இனி ஆராயப்படுபவரின் உள்ளத்தை நோக்குவோம். கல்லும் கந்தகமும் தம்மை ஆராய்பவரை மகிழ்விக்க விரும்புவதில்லை, மனிதனோ விரும்புகின்றான். மாட்டின் ஓண் என்பவர் எண்கள் நிரம்பிய தாள்களை ஒருவரிடம் கொடுத்துக் கூட்டுமாறும், கூட்டி முடித்த ஒவ்வொரு தாளையும் துண்டுதுண்டாகக் கிழித்தெறிந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குமாறும் பணித்தார். பொருளற்ற இவ்வேலையைச் சிறிது நேரத்திற் கைவிடுவார் என அவர் எண்ணினார். ஆனால், அதிற் பங்குபற்றியோர் மணிக்கணக்காகத் தொடர்ந்தனர். பரிசோதனை என்ற பெயரில் எதைச் செய்யச் சொன்னாலும் அதில் ஒரு பெரும்பொருள் இருக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. 1962இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பரிசோதனைச் சூழல் தானே விடுக்கும் மறைமுக வேண்டுகோள்களை ஓண் விரிவாக விளக்கினார்.

அந்த எச்சரிக்கைக்கு ஒன்பது ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது, பாடநூல்களிற் பல்லாண்டு புகழ்பெற்று விளங்கிய ஸ்ரான்போட் சிறைப் பரிசோதனை. 1971ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், ஸ்ரான்போட் பல்கலைக்கழகக் கட்டடமொன்றின் நிலவறையைப் போலிச் சிறையாக்கி, பேராசிரியர் பிலிப் சிம்பார்டோ இளைஞர் 24 பேரைத் தெரிந்து, காவலர், கைதிகள் என எழுமாறாக வகுத்தார். நாளொன்றுக்கு 15 டொலர் ஊதியம். இரண்டு வாரம் நடக்கவேண்டியது காவலரின் கொடுமையால் ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. நல்லவனையும் கொடியவனாக்குவது அவன் ஏற்ற வேடமும் சூழலுமே என்பது இதிலிருந்து பெறப்பட்ட முடிபு.

இப்பரிசோதனையை நமது உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். ஆராய்ச்சித் தலைவரே சிறையின் அத்தியட்சராகவும் அமர்ந்தார்; நடுவர் ஆடுகளத்தில் இறங்கிய நிலை இது. காவலர் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பது முன்கூட்டியே அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. மென்மையாக நடந்த காவலர் ஒருவரைக் கடுமையாக நடக்கும்படி சிறைக் காப்பாளராக அமர்ந்த உதவியாளர் தூண்டியமைக்கு ஒலிப்பதிவுச் சான்று உண்டு. திபோ லெ தெக்சியே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் ஆவணக் காப்பகத்தைத் துருவி 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நூலும் கட்டுரையும் இக்குறைகளை விரிவாக எடுத்துக்காட்டின. சிம்பார்டோ இக்கண்டனத்தை ஏற்கவில்லை. தமது முடிபு நிலைபெறும் என்றே வாதாடினார். அவரது வாதத்துக்கு உரிய மதிப்பளித்தாலும், ஒரு வினா எஞ்சுகின்றது. அறிவுறுத்தல் எதுவும் பெறாத காவலர் குழுவொன்று ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டதா? இல்லை. விபக்கம் இல்லாதவிடத்து, கொடுமைக்கு ஏது வேடமா, அறிவுறுத்தலா, பேராசிரியரை மகிழ்விக்கும் ஆர்வமா எனத் துணிதல் எங்ஙனம்? கஸ்லம், றீச்சர் என்போர் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துடன் 2001இல் நடத்தி 2006இல் வெளியிட்ட சிறை ஆய்வில் காவலர்கள் கொடுங்கோலராக மாறவில்லை. தம் அதிகாரத்தையே ஒருமித்துச் செலுத்தமாட்டாது தடுமாறினர்.

சிறைப் பரிசோதனை வேறொரு வாயிலையும் நமக்குக் காட்டுகின்றது. அதுவே ஆட்களைத் தெரியும் வாயில். ‘சிறை வாழ்க்கை பற்றிய ஆய்வு’ என்று விளம்பரஞ் செய்தால் அதற்கு முன்வருவோர் யாவர்? 2007இல் கார்னகன், மக்பாலண்ட் என்போர் இதனைச் சோதித்தனர். சிறை என்ற சொல் உள்ள விளம்பரத்துக்கு விடையளித்தோர், அச்சொல் இல்லாத விளம்பரத்துக்கு விடையளித்தோரினும் வன்போக்கும் ஆதிக்க விருப்பும் மிக்கவராய்க் காணப்பட்டனர். ஆகவே, எழுமாறாக வகுத்தல் என்பது உள்ளே வந்தோரைச் சமமாகப் பங்கிடுமேயன்றி, வாயிலிலேயே நிகழ்ந்துவிட்ட தெரிவின் கோட்டத்தை நீக்கமாட்டாது.

இவ்வாயிலை உலகளவில் நோக்கின் குறை இன்னும் பெரிதாகத் தோன்றும். அமெரிக்க உளநூற் சங்கத்தின் ஆறு சஞ்சிகைகளில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த ஆய்வுகளை ஜெப்ரி ஆனெற் கணக்கிட்டார். ஆராயப்பட்டோருள் நூற்றுக்கு 96 பேர் மேனாட்டுக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர். 68 பேர் ஐக்கிய அமெரிக்காவினர். அந்நாடுகளின் மக்களோ உலக மக்கட்டொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 12 பேரே. இவ்வாறு பெறப்பட்ட முடிபுகள் ‘மனித மனத்தின் இயல்பு’ என்ற பெயரால் பாடநூல்களில் ஏறுகின்றன. கண்ணின் தொழிலே எங்கும் ஒன்றுபோல நிகழ்வதில்லை. ஈற்றில் அம்புத்தலை பொருத்திய இரு சமகோடுகளுள் ஒன்று நீண்டு தோன்றும் முல்லர்–லயர் மயக்கத்தைச் சீகோல், காம்ப்பெல், ஹேர்ஸ்கோவிற்ஸ் ஆகியோர் பல சமுதாயங்களிற் சோதித்து 1966இல் வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் மிகுந்திருந்த அம்மயக்கம் கலகாரிப் பாலையின் வேட்டுவ மக்களிடத்து மிகச் சிறிதாயிருந்தது. ஒரு கோட்டின் நீளத்திலேயே இத்துணை வேறுபாடு உளதாயின், மானம், கீழ்ப்படிவு, அன்பு என்பனபற்றி ஒரு நாட்டுக் கல்லூரி மாணவரைக் கொண்டு உலகுக்கெல்லாம் விதி வகுத்தல் பொருந்துமா?

அடுத்தது கணக்கிடும் வாயில். எண்கள் பேசும்போது கோட்டத்துக்கு இடமில்லை என்பது பலர் எண்ணம். 2011இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சன் ஆகிய மூவரும் இவ்வெண்ணத்தை நகைப்புக்கிடமாக்கினர். குறித்த ஓர் இசைப்பாடலைக் கேட்டவர்களின் வயது, அதனைக் கேட்டமையால் ஓராண்டுக்கு மேற் குறைந்தது என்பதை அவர்கள் வழக்கமான புள்ளிவிபர முறைகளாலேயே ‘நிறுவி’க் காட்டினர்! அவர்கள் எண்களைத் திருத்தவில்லை. பல அளவைகளை எடுத்து வாய்ப்பானதை மாத்திரம் அறிவித்தல், விரும்பிய விளைவு தோன்றும்வரை ஆட்களைச் சேர்த்தல் போன்ற, பலரும் குற்றமெனக் கருதாத சலுகைகளைக் கையாண்டனர், அவ்வளவே. எய்த அம்பு தைத்த இடத்தைச் சுற்றிப் பின்னர் வட்டம் வரைவானை வில்லாளன் எனல் தகுமா?

இறுதி வாயில் பதிப்பு. 1959இல் தியடோர் ஸ்ரேலிங் என்பவர் நான்கு உளநூற் சஞ்சிகைகளை ஆராய்ந்தார். புள்ளிவிபரச் சோதனை கையாண்ட 294 கட்டுரைகளுள் 286 கட்டுரைகள் கருதுகோளுக்குச் சாதகமான முடிபையே கூறின. எடுத்த கருமமெல்லாம் கைகூடும் துறை உலகில் உண்டோ? கைகூடாதவை மேசை இழுப்பறைகளில் உறங்கின என்பதே அதன் பொருள். இவ்வெச்சரிக்கை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை. 2015ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் பலர் ஒன்றுகூடி, வெளிவந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளுள் நூற்றுக்கு 97 சாதகமாயிருந்தன. மறுபடி செய்தபோது நூற்றுக்கு 36 மாத்திரமே அவ்வாறமைந்தன.

இக்கோட்டங்களால் நேரும் தீங்கு ஏட்டளவில் நிற்பதன்று. பிரித்தானியாவின் சேர் சிறில் பேர்ட் தமது நாட்டில் உளநூலுக்காக முதன்முதல் ‘சேர்’ பட்டம் பெற்ற பேரறிஞர். நுண்மதி பெரும்பாலும் பிறப்பால் அமைவது என்பது அவர் கொள்கை. பதினொரு வயதிலே பிள்ளைகளைச் சோதித்து வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பும் முறைக்கு அக்கொள்கை நெடுங்காலம் அரணாய் நின்றது. பிரிந்து வளர்ந்த ஒத்த இரட்டையர் பற்றி அவர் 1955இல் 21 சோடிகளையும், 1958இல் முப்பதுக்கு மேற்பட்ட சோடிகளையும், 1966இல் 53 சோடிகளையுங் கொண்டு எழுதினார். சோடிகளின் தொகை பெருகியும், நுண்மதியின் இணைவுக் குணகம் 0.771 என மூன்று தசமதானம்வரை மாறாது நின்றது. அவர் 1971இல் இறந்த பின்னரே லியோன் கமின் இவ்வதிசயத்தை 1974இல் வெளிப்படுத்தினார். 1979இல் வெளிவந்த ஹேர்ன்ஷோவின் வாழ்க்கை வரலாற்று நூல் பேர்ட் பொய்த்தரவு புனைந்தார் என முடிவு செய்தது. பின்வந்த ஜொயின்சன், பிளெச்சர் ஆகியோர் அம்முடிபை மறுத்தனர். வஞ்சனையோ கவனக்குறைவோ என்பது இன்றும் வழக்குக்குரியது. நம் வினா அதுவன்று. எண்ணறிந்த எவரும் ஐயுறத்தக்க அவ்விலக்கத்தை அத்தனை ஆண்டுகளாக ஐயுறாதது ஏன்? பெரியார் வாக்கென்று ஏற்றுக்கொண்டமையே காரணம். எழுதியவரின் கோட்டத்தோடு படித்தவரின் கோட்டமுஞ் சேர்ந்தது.

அங்ஙனமாயின், உளநூலே பொய்நூல் எனத் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் கோட்டமேயாம். மேலே கூறிய பிழைகளைக் கண்டறிந்தோர் பெரும்பாலும் உளநூலாரே. 1885இல் ஹேர்மன் எபிங்கவுஸ் தம்மொருவரையே கருவியாகக் கொண்டு மறதியின் போக்கை அளந்தார். ஒருவரை மாத்திரம் ஆராய்ந்த அவ்வாய்வு, 2015இல் மறுபடி செய்யப்பட்டபோது பெரும்பாலும் அதே வளைகோட்டைத் தந்தது. எவ்வாறு செய்தேன் என்பதை இன்னொருவர் அடியொற்றிச் செய்யத்தக்கவாறு அவர் எழுதிவைத்தமையே அப்பேற்றுக்குக் காரணம். ஆட்டொகை ஒன்றே ஆராய்ச்சியின் உயர்வுக்கு அளவுகோல் அன்று என்பதும் இதனாற் றெளிவாகும்.

பரிகாரங்களும் இன்று பலவாக உள. யார் எக்குழுவினர் என்பதைப் பங்குபற்றுவோரும் அளப்போரும் அறியாதவாறு மறைத்தல், புங்ஸ்றின் முறையினது விரிவே. கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் தரவு திரட்டுமுன்னரே பதிவுசெய்தல், அம்பு எய்யுமுன் இலக்கைக் குறித்தலாகும். விளைவு யாதென அறியுமுன்பே முறையை மாத்திரம் நோக்கிக் கட்டுரையை ஏற்கும் வழக்கத்தையும் சில சஞ்சிகைகள் 2013 முதலாகக் கைக்கொண்டன. இதன் பயனை 2021இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு காட்டுகின்றது. வழக்கமான கட்டுரைகளில் நூற்றுக்கு 96 கருதுகோளுக்குச் சாதகமாயிருக்க, இவ்வாறு முன்னேற்புப் பெற்றவற்றில் 44 மாத்திரமே அவ்வாறிருந்தன. மனிதர் திருந்திவிட்டார் என்பதன்று இதன் பொருள். வாயில் அடைபட்டது என்பதே. ஆயினும் முறைகளும் தம்மளவிற் போதியவையல்ல. பிழையான வினாவை எத்துணை நுட்பமாகப் பதிவுசெய்தாலும் பெறுவது பிழையான விடையே.

உளநூல் கற்கும் மாணவர், ‘ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர்’ என்ற தொடரைக் காணுந்தோறும் சில வினாக்களைத் தம்முள் வினாவுதல் நன்று. ஆராயப்பட்டோர் யாவர்? அளந்தவர் விடையை முன்னரே அறிந்திருந்தாரா? ஏது இல்லாதவிடத்து விளைவும் இல்லை என்பது காட்டப்பட்டதா? இன்னொருவர் இதனை மறுபடி செய்தாரா? இவ்வினாக்களுக்கு விடையில்லாத முடிபைக் கொண்டு ஒரு பிள்ளையை மந்தன் என்றோ, ஒரு மக்கட் கூட்டத்தை இத்தகையது என்றோ முத்திரையிடுவது அறமாகாது. துலாக்கோலைக் கையிலேந்துவோன் அதன் நாவை நோக்குமுன் தன் கையின் நடுக்கத்தை நோக்கக் கடவன். மனிதனை அளக்கப் புகுந்த நூலுக்கு இக்கடமை ஏனைய நூல்களினும் இருமடங்காகும்.